மூன்றாவது மீத்தாக்ஸி

மெஹ்ருன்னிசா மேடத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பன்னிரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். எங்கள் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் இருந்த அத்தனையையும் அவர் சந்தேகப்பட்டார். தராசைச் சந்தேகப்பட்டார். தெர்மாமீட்டரை, சில்வர் நைட்ரேட்டை, ரப்பர் குழாயைச் சந்தேகப்பட்டார். கடைசியில் தன்னுடைய இரண்டு கையையும் சந்தேகப்பட்டார். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. நான் மூன்றடி தூரத்தில் துடைக்கிற துணியோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு அட்டெண்டர் நினைத்தால் ஒரு ஆராய்ச்சியைக் கெடுக்க முடியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்து, "காசி, நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா?" என்று கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். சொந்த ஊர் வேங்கிக்கால். அப்பாவுக்கு மாடு. காலையில் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்குப் பால் ஊற்றுவார். வழியில் எந்தக் குழாயில் நிறுத்துவார், எத்தனை சொம்பு பிடிப்பார் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் ரகசியம் இல்லை. ஒரு வெள்ளைக்காரம்மா மட்டும், இந்தப் பால் வயிற்றுக்கு லேசாக இருக்கிறது என்று அப்பாவைக் கும்பிட்டார்களாம். அப்பா அதைச் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரித்தார். குறைந்தால் தண்ணீர், அளவு சரியாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இது எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே தெரிந்த பாடம். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

மெஹ்ருன்னிசா மேடம் தேரடி வீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ஜானி பாஷாவின் மூத்த பெண். மெட்ராஸில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு 1971இல் எங்கள் காலேஜுக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக வந்தார். எங்கள் டிபார்ட்மெண்டுக்கு முதல் பொம்பளை வாத்தியார் அவர்தான். காலையில் நடந்தே வருவார். ஸ்டோர் ரூமில் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்து ஆணியில் இருந்து வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார். மற்ற வாத்தியார்களுக்கெல்லாம் நான் "டேய் காசி". இவர் ஒருவர்தான் என்னை வாங்க, போங்க என்றார். முதல் ஒரு வாரம் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பியூரெட்டைத் திறந்தால் ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான் விழும். தராசுக் கதவை மூடும்போது முள் ஆடாது. பார்வையிட யார் வந்தாலும் துறைத் தலைவர் சக்கரவர்த்தி சார் நேராக இவரிடம்தான் கூட்டிக்கொண்டு வருவார். "இந்தம்மா கை பொய் சொல்லாது சார்" என்பார். மேடம் தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் காது சிவந்துவிடும். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் உயிர் வாழ்ந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா கடைக்கு ஆடு மேய்க்கிறவர்கள் மலைக்குப் பின்பக்கத்தில் இருந்து ஒரு வேர் கொண்டுவந்து போடுவார்கள். மூட்டு வலிக்கு அரைத்துப் பூசுவது. அந்த வேரை இடித்து, ஈதரில் ஊறவைத்து, வடித்து, இரண்டு வருஷம் மல்லுக்கட்டி அதில் இருந்து வெள்ளை வெள்ளையாக ஊசி மாதிரி ஒரு உப்பை எடுத்தார். உப்பு என்று நான் சொல்வது. அவர் கேட்டால் கோபித்துக்கொள்வார். மெட்ராஸில் ஒரு புரொபசரிடம் அதை வைத்து ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால் பட்டம். பட்டம் வந்தால் லெக்சரர். அதைவிட, இந்த ஊர் வேரில் இருப்பது இன்னது என்று முதலில் சொன்னவர் அவராக இருப்பார்.

1976 ஆவணி மாசம் என்று ஞாபகம். மத்தியானம் லேபில் யாரும் இல்லை. மேடம் கண்ணாடிச் சாமான்களை ஒன்றோடு ஒன்று பொருத்திக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன மேடம் பாக்கப் போறீங்க?"

"எத்தனை மீத்தாக்ஸி இருக்குன்னு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

சாக்பீஸை எடுத்துக் கறுப்பு மேஜை மேலேயே வரைந்தார். "நடுவுல ஆக்ஸிஜன். ஒரு கையால பெரிய வளையத்தைப் பிடிச்சிருக்கு. இன்னொரு கையால சின்னதா ஒரே ஒரு கார்பனைப் பிடிச்சிருக்கு. இந்த மாதிரி ரெண்டு பக்கமும் பிடிச்சிக்கிட்டு நடுவுல ஆக்ஸிஜன் இருந்தா அது ஈதர். அந்தச் சின்ன கார்பனும் ஆக்ஸிஜனும் சேந்ததுதான் மீத்தாக்ஸி. ரொம்ப அழுத்தமான ஆளு காசி. காரத்துல போடுங்க, அசையாது. சோடியத்துல போடுங்க, சும்மா இருக்கும்."

"எங்க மாமனார் மாதிரி."

"அவரை எப்படி அசைப்பீங்க?"

"அவர் பொண்ணு அழுதா அசைவாரு."

சிரித்துவிட்டார். "இது அழுதாலும் அசையாது. ஸ்ட்ராங் ஆசிட் வேணும். ஆசிட் முதல்ல தன்கிட்ட இருக்கிற புரோட்டானை ஆக்ஸிஜன் தலையில ஏத்திடும். சுமை ஏறினதும் ஆக்ஸிஜனுக்குப் பிடி தளரும். அந்த நேரம் பாத்து அயோடைடு பின்பக்கமா வந்து அந்தச் சின்ன கார்பனை இழுத்துக்கிட்டுப் போயிடும். அது ஆவியாகி இந்தக் குழாய்ல மேல வரும். இங்க சில்வர் நைட்ரேட்ல மாட்டிக்கும். கடைசியில மஞ்சளா அடியில உக்காரும். அந்த மஞ்சளை எடை போட்டா எத்தனை ஈதர் அறுந்துச்சுன்னு தெரிஞ்சிடும்."

"பெரிய வளையம் என்னாகும்?"

"அதை யாராலயும் இழுக்க முடியாது. ஆக்ஸிஜனைத் தன்கிட்டயே வெச்சுக்கிட்டு ஃபீனாலா நின்னுடும்."

"அதுக்கு ஹைட்ரோகுளோரிக் ஊத்தலாமே மேடம். ஜாடி ஜாடியா இருக்குது."

"ஊத்தலாம். குளோரைடு பக்கத்துல வந்து நின்னு வேடிக்கை பாக்கும், இழுக்கத் தெம்பு கிடையாது. புரோமைடு கொஞ்சம் தேவலாம். அயோடைடுதான் முரடு. அதுவும் ஆசிட் கெட்டியா இருக்கணும். நூத்துல அம்பத்தேழு பங்கு. கம்மியா இருந்தா பாதியில நின்னுடும்."

இதை என்னிடம்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டிக் கேட்டேன். கேட்டது மண்டையில் ஏறவில்லை என்பதற்கு நான் செய்ததே சாட்சி.

ஹைட்ரோ அயோடிக் ஆசிட் ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். மெட்ராஸில் இருந்து வருவதற்கு ஆறு மாசம் ஆனது. அதை மேடம் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பாட்டிலின் மேல் நெட்டுக்கு ஒரு காகிதப் பட்டை ஒட்டி, ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும் வெளிச்சத்தில் பிடித்து, ஆசிட் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். முதலில் வனிலின் என்று ஐஸ்கிரீம் வாசனை அடிக்கிற பொடியைப் போட்டுப் பார்த்தார். அதில் ஒரே ஒரு மீத்தாக்ஸி என்பது உலகத்துக்கே தெரியும். இவருக்கும் கச்சிதமாக ஒன்று என்று வந்தது. ஆசிட்டும் சரி, கையும் சரி. இனிமேல் வேர்தான் என்றார். அதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது.

எங்கள் லேபில் ஆயுதபூஜை என்றால் சும்மா இல்லை. அத்தனை பாட்டிலையும் அலமாரியில் இருந்து இறக்கித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைக்க வேண்டும். தராசுக்கு மாலை. கிப் உபகரணம் என்று கார்பன் டை ஆக்ஸைடு எடுக்கிற பெரிய கண்ணாடிச் சாமான் இருக்கிறதே, அதற்கு விபூதிப் பட்டை. மேடம் ஓரமாக நின்று பார்ப்பார். கடைசியில் பொரி கடலை வாங்கிக்கொள்வார்.

"இந்த அலமாரிக்குள்ள ஒண்ணு இருக்குதே, அதுக்கும் வெக்கணும் மேடம்."

"விட்டா என்ன ஆகும்?"

"கோச்சுக்கும். ஊரெல்லாம் பொட்டு வெச்சிக்கிட்டு நிக்கும்போது அது மட்டும் என்ன பண்ணுச்சு?"

"அது வேற கோச்சுக்கிட்டா நான் எங்க போவேன்!" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார்.

கையெல்லாம் சந்தன ஈரம். பாட்டிலை சிங்க் ஓரத்தில் வைத்துத் துடைத்தேன். கழுத்தில் ஏதோ அழுக்கு மாதிரி இருந்தது. சுத்தமாகத் துடைக்கிறேன் என்று கண்ணாடி மூடியைத் திருகி எடுத்தேன். வழுக்கிவிட்டது. பிடித்துவிட்டேன், உடையவில்லை. ஆனால் சாய்ந்த சாய்வில் இரண்டு விரல் உயரம் சிங்கில் போய்விட்டது. புகை வந்தது. இடது கை மோதிர விரலில் பட்டது. அந்த இடம் இன்றைக்கும் வழவழப்பாக இருக்கிறது.

பென்சில் கோடு மேலே நிற்கிறது, ஆசிட் கீழே நிற்கிறது. ஆறு மாசம் காத்திருந்து வந்த பாட்டில். நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. கை தானாகப் போய் டிஸ்டில்டு வாட்டர் ஜாடியை எடுத்தது. கோடு வரைக்கும் ஊற்றினேன், ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாட்டில் என் கையில் சூடாகியது. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மூடியைப் போட்டு, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். விரலில் என்ன என்று மேடம் கேட்டார். கற்பூரம் சுட்டுவிட்டது என்றேன். தன் பையில் இருந்து மருந்து எடுத்துக் கொடுத்தார்.

பூஜை லீவு முடிந்து வேலை ஆரம்பமானது. வனிலினை இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். "எதுக்கு ஆசிட்டை வீணாக்கணும், அதான் சரியா இருந்துச்சே" என்றார். கிப்புக்குச் சலவைக்கல் போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஆவியைத் தள்ளிக்கொண்டு போகிற வாயு ஒரு நொடிக்கு இரண்டு குமிழி வீதம் போக வேண்டும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக் குமிழியை எண்ணுவார். குளுக், குளுக். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். மூன்று நாளில் மூன்று தடவை செய்தார். மூன்று தடவையும் எடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. மீத்தாக்ஸி இரண்டு.

"மூணு இருக்கும்னு நெனச்சேன் காசி. ரெண்டுதான். சரி, இருக்கறதைத்தானே சொல்லணும்" என்று நோட்டில் எழுதினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஏதோ ஒரு எண் வந்துவிட்டது, மேடம் எழுதிவிட்டார், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

1977 மாசியில் மெட்ராஸ் போனார். நான்கைந்து பெரிய ஆட்கள் முன்னால் தன் வேலையைச் சொல்ல வேண்டும். புதுப் புடவை கட்டிக்கொண்டு போனார். மறுநாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேராக லேபுக்கு வந்தார். சக்கரவர்த்தி சார் ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"அங்க புதுசா ஒரு மிஷின் வந்திருக்கு சார். என் சாம்பிளை அதுல வெச்சுப் பாத்திருக்காங்க. மூணு மீத்தாக்ஸி."

"நீங்க ரெண்டுன்னு..."

"ரெண்டுன்னு படம் போட்டு, அதுக்கு ஏத்த மாதிரி இருபது பக்கம் எழுதிட்டேன். புரொபசர் எல்லார் முன்னாடியும் கேட்டாரு. நீங்க நெஜமா எடை போட்டீங்களா, இல்ல உக்காந்து எழுதினீங்களான்னு."

சார், "உங்க கை பொய் சொல்லாதுன்னு நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் மேடம் அந்த வார்த்தையை வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காசி, எங்க தப்பு நடந்துச்சுன்னு பஸ்ஸுல வரும்போதெல்லாம் யோசிச்சேன். ஆசிட் பலம் கம்மியானா இப்படித்தான் கம்மியா காட்டும். ஆனா ஆசிட் நல்ல ஆசிட். வனிலின்ல சரியா வந்துச்சே. எதுக்கும் பாத்துடலாம். அந்த பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

இருந்தது. அடியில் ஒரு விரல் உயரம் இருந்தது. அவர் ஊருக்குப் போகும்போது சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"தீந்து போச்சு மேடம்" என்றேன்.

அவர் "ஓ" என்றார். முகம் கழுவப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்கிற நேரத்துக்குள் அலமாரியைத் திறந்து, மிச்சத்தை சிங்கில் கொட்டி, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். தண்ணீர் ஊற்றியது பயத்தில் செய்தது. அதைக்கூட ஒரு மாதிரி மன்னிக்கலாம். இது அப்படி இல்லை. அவர் கேட்ட பிறகு, எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்த பிறகு, செய்தது.

பதிவை அவரே விட்டுவிட்டார். மறுபடியும் ஆசிட் வரவழைக்கக் கேட்டதற்கு, "போதும்மா, உடம்பைப் பாத்துக்குங்க" என்று சக்கரவர்த்தி சார் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவர் டெமான்ஸ்ட்ரேட்டராகவே இருந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதையும் ஒரு தடவை எடை போட்டு நிறுத்த மாட்டார். சாதாரண உப்பை மூன்று தடவை போடுவார். பிறகு பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிட்டு, "நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்பார். பி.எஸ்ஸி. படிக்கிறவர்கள் அவருக்கு 'மூணு தடவை மேடம்' என்று பேர் வைத்தார்கள். வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் அம்மா பீபி ஜான் என்னிடம் ஒருநாள் கடையில் வைத்துச் சொன்னார். "கதவைப் பூட்டினா பூட்டினியாம்மான்னு என்னைப் போய்ப் பாக்கச் சொல்றா. நான் பாத்துட்டு வந்தா தங்கச்சியைப் போகச் சொல்றா. பெண் பாக்க வந்தவங்களுக்கு டீ கொண்டாந்து வெச்சிட்டு, சக்கரை போட்டேனா போட்டேனான்னு நாலு வாட்டி கேட்டா. அவங்க எழுந்து போயிட்டாங்க காசி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லேபுக்கு வர ஆரம்பித்தார். நான் ஜன்னல் துடைக்கவோ ஜாடி நிரப்பவோ போவேன். உள்ளே அவர் அந்தக் கண்ணாடிச் சாமான்களைப் பழையபடி பொருத்தி வைத்திருப்பார். ஆசிட் கிடையாது. ஊசி உப்பு கிடையாது. குடுவையில் வெறும் தண்ணீர், குழாயில் வெறும் தண்ணீர். கிப்பைத் திறந்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருப்பார். குளுக், குளுக். வெளியே வெயிலில் மலை நிற்கும். உள்ளே இந்தச் சத்தம். நான் வந்தது தெரியும். திரும்பாமலே, "நொடிக்கு ரெண்டுதானே காசி போகுது? நீங்களும் எண்ணுங்க" என்பார். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிட்டு, "ரெண்டுதான் மேடம்" என்பேன். "அப்ப இதுல தப்பு இல்ல" என்பார். மறு வாரம் மறுபடியும்.

லேபில் பேய் இருக்கிறது என்று ஹாஸ்டல்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மத்தியானத்தில் பூட்டின ரூமுக்குள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறதாம். உயிரோடு இருக்கிற மனுஷியைத்தான் அப்படிச் சொன்னார்கள். அவரைப் பேயாக்கினவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தான்.

1985 தொடக்கத்தில் மார்பில் கட்டி என்று வேலூருக்குக் கூட்டிப் போனார்கள். அறுத்தார்கள். மூன்று மாசம் கழித்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரி ஆதிலட்சுமியிடம் முழுசையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒம்போது வருஷம் இதை வயித்துல வெச்சுக்கிட்டா சோறு தின்ன?"

"வேலை போயிடும்டி."

"அந்தம்மாவுக்கு என்ன போச்சுன்னு நெனச்சுப் பாத்தியா? போ. போய்ச் சொல்லிட்டு வா. சொல்லாம இந்த வாசப்படி ஏறாத."

மறுநாள் பதினொரு மணிக்குப் போனேன். மேடம் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு. முடி இல்லை என்று தெரிந்தது. கை இரண்டும் போர்வை மேல் இருந்தன. எலும்புதான். பீபி ஜான் எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"வாங்க காசி. கிப்பைக் கழுவி வெச்சீங்களா? ஆசிட் உள்ளயே நின்னா ரப்பர் போயிடும்."

"வெச்சிட்டேன் மேடம். ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஆயுதபூஜை, சிங்க், தண்ணீர் ஜாடி, பிறகு மெட்ராஸில் இருந்து வந்த அன்றைக்கு நான் கொட்டினது. ஒன்றையும் விடவில்லை. எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னேன். திட்டுவார், அழுவார், அம்மாவைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்த பிறகு கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு போச்சு?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"பாட்டில் எந்த அளவுக்கு இருந்துச்சு அப்போ?"

அதையும் காட்டினேன்.

"தண்ணி ஊத்தினப்ப சூடாச்சா?"

"ஆச்சு மேடம். பிடிக்க முடிஞ்சுது. ஆனா நல்ல சூடு."

உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. "அம்பத்தேழு... நாப்பத்தி மூணுக்கு வந்திருக்கும். அல்லது நாப்பது" என்று தனக்குள்ளே சொன்னார். முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. பழைய காலத்தில் காது சிவக்குமே, அந்த மாதிரி. அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. என்னை உற்றுப் பார்த்தார்.

"யார் சொல்லி அனுப்பினாங்க காசி? சக்கரவர்த்தி சாரா? அம்மாவா?"

"என்ன மேடம்?"

"போற நேரத்துல இவளுக்கு ஒரு ஆறுதல் சொல்லுவோம்னு வந்தீங்களா? நல்ல மனசுங்க உங்களுக்கு. நான் ஒருநாள் சொன்னதை எல்லாம் ஞாபகம் வெச்சு, கச்சிதமா கோர்த்துக் கொண்டாந்திருக்கீங்க."

"அய்யோ, நெஜமா மேடம். இந்த விரலைப் பாருங்க. மலை மேல சத்தியமா..."

"அது கற்பூரம் சுட்டது. நான்தானே மருந்து குடுத்தேன்."

ஒன்பது வருஷம் மூடி வைத்த உண்மையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்கிறேன். அதை அவர் பொய் என்கிறார், அதுவும் அன்பினால் சொன்ன பொய் என்கிறார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள் அவர் இறந்துபோனார். கடைசியாக அவர் என்னிடம் கேட்டதற்கு வேண்டிய ஹைட்ரோ அயோடிக் பாட்டில், சக்கரவர்த்தி சார் காலில் விழாத குறையாகக் கெஞ்சி எழுதி வாங்கியது, ஐந்து மாசம் கழித்துத்தான் வந்தது. சக்கரவர்த்தி சாரும் ரிட்டையர் ஆகிவிட்டார். பாட்டில் இன்றைக்கும் அந்த அலமாரியில் திறக்காமல் இருக்கிறது. நாலு வருஷம். வனிலின் இருக்கிறது. சில்வர் நைட்ரேட் இருக்கிறது. எப்படிச் செய்வது என்று எனக்கு அடி அடியாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். சாவியை எடுக்கிறேன். கை வரவில்லை.

வனிலினுக்கு எடை குறைவாக வந்தால் அவரைக் கெடுத்தவன் நான்தான் என்று வெள்ளிக் கட்டியில் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பயம் இல்லை, அது எனக்கு ஏற்கெனவே தெரியும். சரியாக வந்துவிட்டால்? அவ்வளவு தண்ணீர் கலந்தும் ஒன்று என்று கச்சிதமாக வந்துவிட்டால்? அப்போது அவர் கையைப் பற்றி நான் என்ன நினைப்பது? அதற்குத்தான் பயம். கிப்பைக் கழுவிக் காயவைத்துக் கவிழ்த்திருக்கிறேன். அதற்குள் ஒரு துண்டு கல் கிடையாது. ஆனாலும் அந்தப் பாட்டிலைத் தொட்டால் பின்னால் குளுக், குளுக் என்று கேட்கிறது. நொடிக்கு இரண்டு. எண்ணியும் பார்த்துவிட்டேன்.

மேடத்திடம் எல்லாம் சொன்ன அன்றைக்கு நான் கிளம்பி வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். உள்ளே இருந்து கூப்பிட்டார். திரும்பிப் போனேன். கையை நீட்டி, ஸ்டூலைக் காட்டி, உட்காரச் சொன்னார். முதல் தடவையாக என்னை 'நீ' என்றார்.

"காசி, நீ சொன்னது நெஜமா இருந்தா எனக்கு அது வேணும். சத்தியம் பண்ணாத. புது ஆசிட் வாங்கு. அதே அளவு தண்ணி ஊத்து. வனிலினைப் போட்டு, என்னை மாதிரியே மூணு தடவை ஓட்டு. என்ன எடை வருதோ அதை எழுதிக் கொண்டா. நான் இருந்தா என்கிட்ட குடு. இல்லைன்னா எங்க அம்மாகிட்ட சத்தமா படிச்சுக் காட்டு."